வேடம் கட்டிய பாட்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் எழுதப்பட்ட பரோக் இசையில் தேவாலயத்துக்கு வெளியே பாடுவதற்கென்றே பிறந்த வேடிக்கைப் பாடல்கள் பல உண்டு. அவற்றை உடையலங்காரத்துடன் நாடகமாக நடிப்பது பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, இங்கே ஒரு சிறிய அரங்கில், தனிப்பாட்டுகளும் வசனப்பாட்டுகளும் வாத்தியங்களோடு தொடர்ந்து வரும் பாக்கின் ‘காப்பிக் காண்டாட்டா’வை வேடமணிந்து நாடகமாகவே நடித்தார்கள். மகளாக வந்த பாடகி காப்பிக் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பாடியபோது அரங்கமே சிரித்தது. தேவாலய இசையையே மூச்சாகக் கொண்டவர் என்று நாம் படித்திருக்கும் பாக் இப்படியும் எழுதினாரா? அவர் காலத்திலும் இதை இப்படித்தான் நடித்தார்களா?
– ஒரு வாசகர், ஸ்டுட்கார்ட்

பதில்: எழுதினார். 1723ஆம் ஆண்டிலிருந்து ஜெர்மனியின் லைப்சிக் நகரத் தேவாலயங்களின் இசைப் பொறுப்பைச் சுமந்துவந்த யோகான் செபாஸ்டியன் பாக், 1729இல் ‘கொலேகியம் மூசிக்கும்’ என்ற இசைக்குழுவின் தலைமையையும் ஏற்றுக்கொண்டார். பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்ட இந்தக் குழுவை, தாம் அங்கே மாணவராக இருந்த நாளில் தொடங்கியவர் இசையமைப்பாளர் டெலிமான். குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரை, காத்தரீனன் தெருவிலிருந்த கோட்ஃபிரீட் சிம்மர்மானின் காப்பிக்கடையில் இவர்கள் வாசித்தார்கள்; கோடையில் அதே சிம்மர்மானின் தோட்டத்துக்கு மாறிக்கொண்டார்கள். காப்பிப் பித்துப் பிடித்த மகளை அதை விடச் செய்யத் தந்தை படும் பாட்டைச் சொல்லும், நீங்கள் பார்த்த காண்டாட்டா 1734ஆம் ஆண்டையொட்டி இந்தக் குழுவுக்காகவே எழுதப்பட்டது. காப்பிக்கடையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பவர்களின் முன்னால் காப்பிப் பைத்தியத்தைப் பற்றியே பாடுவது எத்தனை சுவையான ஏற்பாடு என்று எண்ணிப் பாருங்கள்.

வேடம் கட்டி நடித்தார்களா என்ற கேள்விக்கு, நடித்தார்கள் என்று சொல்லச் சான்று எதுவும் இல்லை. ஆனால் நடிப்பதற்கான இடத்தை அந்தப் படைப்பே திறந்து வைத்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். கதை சொல்பவர் வந்து, ‘சத்தம் போடாதீர்கள், பேச்சை நிறுத்துங்கள், இப்போது நடக்கப்போவதைக் கேளுங்கள், இதோ ஷ்லெண்ட்ரியான் தன் மகள் லீஸ்கெனோடு வருகிறார், கரடியைப் போல உறுமிக்கொண்டு வருகிறார்’ என்று அறிவிக்கிறார். நம் கூத்தில் கட்டியங்காரன் வந்து சபையை அடக்கி, வருகிறவர் இன்னாரென்று சொல்லிவிட்டு ஒதுங்குவானே, அதே வேலைதான் இது. பாத்திரங்கள் நடந்து வருவதற்கான குறிப்பைப் பாட்டின் முதல் வரிகளிலேயே வைத்த ஒருவர் நாடகத்தை மனக்கண்ணில் காணாமலா எழுதியிருப்பார்? முழுவதும் பாடியே நடிக்கும் இசைநாடகமான ஆபரா ஒன்றுகூடப் பாக் எழுதியதில்லை. லைப்சிக்கில் இருந்த ஆபரா அரங்கும் அவர் வருவதற்கு முன்பே, 1720இல், மூடப்பட்டுவிட்டது. இருந்தும் தம்முடைய சமயம் சாராத காண்டாட்டாக்கள் சிலவற்றுக்கு ‘இசைவழி நாடகம்’ என்ற பெயரையே அவர் இட்டிருக்கிறார்.

சிம்மர்மானின் கட்டடம் 1943 டிசம்பர் குண்டுவீச்சில் அழிந்துபோயிற்று. ஆகவே அந்த இடத்துக்கே போய் நடிக்கும் வாய்ப்பு யாருக்கும் இல்லை. ஆனாலும் மேசைகளும் நாற்காலிகளும் போட்ட ஒரு கூடத்தில், பார்வையாளர்கள் கிண்ணங்களுடன் உட்கார்ந்திருக்க, கதை சொல்பவர் கடைச் சிப்பந்தியாக நடுவே நடந்து வந்து ‘பேசாதீர்கள்’ என்று தொடங்கினால், பெரிய மேடையும் திரைச்சீலையும் தர முடியாத உயிர்ப்பு அதற்கு வந்துவிடும்.

கேள்வி: நான் நாடகத் துறையில் உடையலங்காரம் படிக்கிறேன். எங்கள் குழு இதே காப்பிக் காண்டாட்டாவை அடுத்த பருவத்தில் மேடையேற்றவிருக்கிறது. பொய்மயிர், பட்டுச்சட்டை என்று அந்தக் காலத்து உடையையே தைப்பதா, அல்லது இக்கால உடையில் நடிப்பதா? எதிலிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.
– ஒரு மாணவி, புதுச்சேரி

பதில்: துணிக்கடைக்குப் போவதற்கு முன்னால் பாட்டின் சொற்களைப் படியுங்கள். இந்தக் காண்டாட்டாவில் உடையே கதையின் ஒரு பகுதி. மகள் காப்பியை விடாவிட்டால் என்னென்ன கிடைக்காது என்று தந்தை பட்டியலிட்டு மிரட்டும், பேசுவதுபோலப் பாடும் வசனப்பாட்டு ஒன்று நடுவே வருகிறது. கல்யாண விருந்துக்குப் போக முடியாது, உலாவப் போக முடியாது, சன்னலருகே நின்று தெருவில் போவோரைப் பார்க்க முடியாது என்கிறார். தொப்பியில் வைக்க வெள்ளி நாடாவோ தங்க நாடாவோ வாங்கித் தரமாட்டேன் என்கிறார். இவற்றுக்கு இடையே, ‘இப்போதைய அகலத்தில் திமிங்கில எலும்புப் பாவாடை தைத்துத் தரமாட்டேன்’ என்றும் சொல்கிறார். பாவாடை குடைபோல விரிந்து நிற்பதற்காக உள்ளே வளையங்கள் வைத்துத் தைத்த காலம் அது. ஆண்டுக்கு ஆண்டு அதன் அகலம் கூடிக்கொண்டே போனதால்தான் தந்தை ‘இப்போதைய அகலம்’ என்று குறிப்பாகச் சொல்கிறார்.

இதிலிருந்து உடையமைப்பாளருக்கு ஒரு முடிவு கிடைக்கிறது. லீஸ்கெனை முதல் காட்சியிலேயே மேடையை அடைக்கும் அகலப் பாவாடையில் கொண்டுவந்து நிறுத்தினால் மிரட்டலுக்குப் பொருளே இல்லாமல் போய்விடும். இருப்பதைத் தரமாட்டேன் என்று யாரும் மிரட்டுவதில்லை. சென்ற ஆண்டுப் பாணியில், கொஞ்சம் ஒடுங்கிய, ஓரம் சற்றே தேய்ந்த பாவாடையை அவளுக்குக் கொடுங்கள். தொப்பியில் நாடா இருக்கக்கூடாது. தந்தை அந்த வரியைப் பாடும்போது அவளுடைய கை தானாகவே தொப்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கட்டும். அந்த ஒரு சைகையில் பார்வையாளர்களுக்கு எல்லாம் விளங்கிவிடும்; அதோடு, அந்த நாடாவையும் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு ‘என் இன்பத்தை மட்டும் எனக்கு விட்டுவையுங்கள்’ என்று அவள் சொல்வதன் எடையும் தெரியும்.

தந்தைக்கு வெளியில் போட்டுப்போகும் கோட்டு வேண்டாம். அவர் தன் வீட்டில் இருக்கிறார். அக்காலத்து வசதியான ஆண்கள் வீட்டில் பொய்மயிரைக் கழற்றி வைத்துவிட்டு, மழித்த தலையில் மெத்தென்ற குல்லாயும் உடம்பில் தொளதொளவென்ற நீண்ட அங்கியும் அணிந்தார்கள். ஆங்கிலேயர் அந்த அங்கியை ‘பனியன்’ என்றே அழைத்தார்கள். ஐரோப்பாவில் இப்படித் தைக்கப்பட்ட அங்கிகளில் கணிசமானவை நம் சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயமேற்றிய சீட்டித் துணியால் ஆனவை; அருங்காட்சியகங்களில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். சிவப்பும் கருநீலமுமாகப் பூங்கொடி படர்ந்த அந்தத் துணியில் ஓர் அங்கி தைத்து ஷ்லெண்ட்ரியானுக்குப் போட்டால் அது வரலாற்றுக்குப் பொருந்துவதோடு, கதைக்கும் அழகாகப் பொருந்தும். கடல் கடந்து வந்த காப்பியை மகளுக்கு மறுக்கிற மனிதர், கடல் கடந்து வந்த துணியைத் தான் மட்டும் சுகமாகப் போர்த்திக்கொண்டு நிற்கிறார். ஷ்லெண்ட்ரியான் என்ற பெயரே பழைய தடத்தை விட்டு நகராதவன் என்ற பொருள் தருவது. அந்த அங்கியின் முழங்கையில் ஓர் ஒட்டுத் தையலும் இருக்கட்டும்.

இக்கால உடையிலும் இதை நடிக்கலாம். அதைக் குறையாக நான் நினைக்கவில்லை. ஆனால் அப்போதும் மகள் ஆசைப்படுகிற, தந்தை மறுக்கிற ஓர் உடைப்பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பாடகர்களின் உடம்பையும் மறந்துவிடாதீர்கள். கச்சை உடைக்கு அளவெடுக்கும்போது பாடகி மூச்சை முழுவதும் உள்ளிழுத்து, விலா விரிந்த நிலையில் நிற்க வேண்டும்; மூச்சு விட்ட நிலையில் எடுத்த அளவுக்குத் தைத்தால், நீண்ட சொற்றொடர் வரும் இடத்தில் அவருக்குக் காற்று போதாது. பொய்மயிர் காதை மூடினால் பாடகருக்குச் சுருதி கேட்காது. காதுக்கு மேலே மயிரை ஒதுக்கிக் கட்டச் சொல்லுங்கள். கிண்ணம் பிடியில்லாத சிறு பீங்கான் கிண்ணமாக இருக்கட்டும். லைப்சிக்குக்குப் பக்கத்திலேயே மைசனில் 1710 முதல் பீங்கான் செய்தார்கள். ‘கிண்ணம்’ என்றுதான் பாட்டும் சொல்கிறது. தட்டின் நடுவே ஒரு சிறு கம்பளி வட்டத்தை ஒட்டிவிடுங்கள். லீஸ்கெனின் காப்பிப் பாட்டில் தனிப் புல்லாங்குழல் ஒன்று கூடவே வருகிறது. பீங்கான் கணீரென்று மோதும் ஒலி அந்தக் குழலின் மேல் விழுந்தால் காதுக்குத் தாங்காது.

கேள்வி: பாடகர்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்கும்போது மேடையில் என்னதான் செய்வது? எங்கள் இயக்குநர் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கோமாளித்தனம் வைக்கிறார். எனக்கு அது உறுத்தலாக இருக்கிறது.
– ஒரு பாடகர், சென்னை

பதில்: உங்கள் உறுத்தல் நியாயமானது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு இதே காண்டாட்டாவை நடித்தபோது நான் பார்வையாளர்களில் ஒருவனாக இருந்தேன். தந்தை வேடமிட்டவர் நல்ல குரல்வளம் உள்ளவர். ஆனால் முதல் பாட்டிலேயே நாற்காலியிலிருந்து விழுந்தார், குல்லாயைத் தொலைத்தார், வயலின்காரரின் வில்லைப் பிடுங்கினார். மக்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பொலியில், அவருக்குக் கீழே தந்திக்கருவிகள் முணுமுணுத்துக்கொண்டே போகும் அருமையான பகுதி ஒன்றுகூட என் காதில் விழவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அந்த முணுமுணுப்பில்தான் நகைச்சுவையே இருக்கிறது.

அந்தப் பாட்டின் சொல், ‘பிள்ளைகளைப் பெற்றவனுக்கு லட்சம் தொல்லை இல்லையா’ என்பது. ‘லட்சம், லட்சம்’ என்று அந்தச் சொல்லைப் பாக் அடுக்கிக்கொண்டே போகிறார். இதைப் பாடுகிறவர் தான் வேடிக்கை காட்டுவதாக நினைக்கவே கூடாது. உண்மையாகவே மனம் நொந்த தகப்பனாகப் பாட வேண்டும். லட்சம் என்பதை அவர் எவ்வளவு மெய்யாக நம்புகிறாரோ அவ்வளவுக்குச் சிரிப்பு வரும். அதேபோல லீஸ்கென், ‘நாளுக்கு மூன்று முறை என் கிண்ணம் காப்பி கிடைக்காவிட்டால் வற்றிப்போன வறுத்த ஆட்டிறைச்சியாகிவிடுவேன்’ என்கிறாள். கண்ணீர் தளும்பச் சொல்ல வேண்டிய வரி இது. கண்ணடித்துச் சொன்னால் வீணாகிவிடும்.

இனி, திரும்பப் பாடுவதைப் பற்றி. அக்காலத்துத் தனிப்பாட்டுகள் பலவற்றில் முதல் பகுதி, நடுப்பகுதி, பிறகு மீண்டும் முதல் பகுதி என்று அமைப்பு இருக்கும். ‘டா காபோ’, அதாவது ‘தலையிலிருந்து’ என்று இதற்குப் பெயர். இயக்குநர்கள் இதைக் கண்டு அஞ்சுகிறார்கள். நான் சொல்வது இதுதான்: நடுப்பகுதியில் பாத்திரத்துக்கு ஒன்று நேர வேண்டும், அதனால் திரும்பிவரும் முதல் பகுதி அதே சொற்களைக் கொண்டிருந்தாலும் வேறொரு நிலையிலிருந்து பாடப்பட வேண்டும். காப்பியை விட்டால்தான் மாப்பிள்ளை என்று தந்தை மிரட்டியதும் இணங்கிவிடும் லீஸ்கென் அவரிடம், ‘இன்றைக்கே, அப்பா, இன்றைக்கே மாப்பிள்ளை பாருங்கள்’ என்று கெஞ்சும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை அவள் தந்தையைப் பார்த்தே பாடட்டும். நடுப்பகுதியில், இன்று இரவு படுக்கப்போகும் முன் காப்பிக்குப் பதிலாக ஒரு நல்ல துணைவன் கிடைக்க மாட்டானா என்று அவள் ஏங்கும்போது தந்தை மனநிறைவோடு தடியையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டு வெளியேறட்டும். முதல் பகுதி திரும்பி ‘இன்றைக்கே’ என்று வரும்போது அவள் தனியாக இருக்கிறாள். இப்போது அதே சொல் திட்டமாகிவிட்டது. அவள் ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினால் போதும். அடுத்து வரும் வசனப்பாட்டில்தான் அந்தத் திட்டம் என்னவென்று கதை சொல்பவர் சொல்லப்போகிறார்.

அசைவே இல்லாமல் விடவேண்டிய இடமும் உண்டு. ‘பிடிவாதக்காரப் பெண்களை எளிதில் வெல்ல முடியாது, ஆனால் சரியான இடத்தில் தட்டினால் வழி பிறக்கும்’ என்று தந்தை தனக்குள் யோசிக்கும் பாட்டுக்குக் கீழ்ச்சுரங்களை வாசிக்கும் கருவிகள் மட்டுமே துணை, வயலின்களும் குழலும் ஓய்ந்துவிடுகின்றன. அங்கே அவர் நாற்காலியில் உட்கார்ந்து விரலை மட்டும் அசைத்தால் போதுமானது.

கேள்வி: நாங்கள் பதினைந்து பேர் கொண்ட சேர்ந்திசைக் குழு. தனிப்பாடகர்கள் இல்லை. எங்களுக்கு ஏற்ற வேடிக்கை நாடகம் ஏதாவது உண்டா?
– ஒரு வாசகி, லண்டன்

பதில்: உங்களுக்கு இத்தாலிய இசையமைப்பாளர் ஒராட்சியோ வெக்கியின் ‘லம்ஃபிபர்னாசோ’வைச் சொல்வேன். 1597இல் வெனிஸில் அச்சான இது, கண்டிப்பாகச் சொன்னால் பரோக் காலத்தின் வாசற்படியில் நிற்பது. இத்தாலியத் தெரு நாடகத்தின் முகமூடிப் பாத்திரங்களான கிழ வணிகர் பாண்டலோனே, சொற்களைக் குழப்பியடிக்கும் மருத்துவர் கிராத்சியானோ போன்றவர்கள் இதில் வருகிறார்கள். ஆனால் பெரும்பாலான காட்சிகளை ஐந்து குரல்கள் சேர்ந்தே பாடுகின்றன. ஒருத்தி பேசினாலும் ஐந்து பேர் வாயிலிருந்து வருகிறது! முன்னுரைப் பாட்டிலேயே வெக்கி, இந்தக் காட்சியைக் கண்ணால் பார்ப்பதில்லை, காது வழியே புகுந்து மனத்தால் பார்ப்பது என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறார்.

அவர் அப்படிச் சொன்ன பிறகு வேடம் எதற்கு என்று கேட்பீர்கள். பாடகர்களையே பாத்திரங்களாக்கினால்தான் சிக்கல் வரும். பாடகர்கள் ஒரே நிற எளிய உடையில் ஒருபுறம் அரைவட்டமாக நிற்கட்டும். முகமூடி அணிந்த மூன்று நான்கு பேர் பேசாமல் நடுவே நடிக்கட்டும். அல்லது பொம்மைகளை ஆட்டலாம். ஒரே ஒரு நிபந்தனை: நடிகர் வாயசைக்கக் கூடாது. ஐந்து குரல் கேட்கும்போது ஒரு வாய் அசைவது பார்வையாளரின் மனத்தைக் குழப்பும். முகமூடிக்கு அசையாத வாய் இருப்பதே இங்கே பெரிய உதவி.

கேள்வி: இரண்டே பாடகர்கள், சின்ன வாத்தியக் குழு, குறைந்த செலவு. எதைத் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: இரண்டு வழிகள் உண்டு. இத்தாலிய இசையமைப்பாளர் பெர்கொலேசி 1733இல் நேப்பிள்ஸில் எழுதிய ‘வேலைக்காரி எஜமானி’ ஒரு பெரிய ஆபராவின் இடைவேளைகளில் நடிப்பதற்கென்றே எழுதப்பட்டது; ஆகவே அது பிறவியிலேயே நாடகம். காலைச் சாக்லெட்டுக்காக மூன்று மணி நேரம் காத்திருக்கும் உபெர்த்தோ, அவரை ஆட்டிவைக்கும் செர்ப்பினா என்று இருவர் மட்டுமே பாடுகிறார்கள். மூன்றாவது பாத்திரமான வெஸ்போனே வாயே திறப்பதில்லை. அந்த ஊமைப் பாத்திரத்துக்கு உங்கள் குழுவின் மிகச் சிறந்த நடிகரைப் போடுங்கள்.

மற்றொன்று பாக்கின் ‘குடியானவர் காண்டாட்டா’. லைப்சிக்கை அடுத்த கிளைன்ட்சோக்கர் கிராமத்துக்குப் புதுப் பண்ணையாராக வந்த ஃபான் டீஸ்காவின் பிறந்தநாளான 1742 ஆகஸ்டு 30க்காக எழுதப்பட்டது. சாக்சனி வட்டார வழக்கு, நாட்டுப்பாடல் மெட்டுகள், ஆட்ட மெட்டுகள் எல்லாம் கலந்த 24 சிறு பகுதிகள். ஏழைகளிடம் இவ்வளவு கடுமை காட்டாதீர்கள் என்று வரி வசூலிப்பவரைக் கேட்டுக்கொள்ளும் இடமும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறொன்று: பெண் நேர்த்தியான நகரப் பாணியில் ஒரு பாட்டைப் பாடிக் காட்ட, ஆண், ‘இது பட்டணத்தார் பாணி, நாம் குடியானவர்கள் இத்தனை தணிந்த குரலில் பாடுவதில்லை’ என்று சொல்லித் தன் முரட்டு மெட்டை எடுத்துவிடுகிறான். வேடம் கட்டும்போது இந்த இருவரையும் கேலிப் பொருளாக்காதீர்கள். ஒட்டுப்போட்ட கந்தல், சேறு பூசிய முகம் எதுவும் வேண்டாம். பண்ணையார் வீட்டு விழாவுக்கு வருகிறவர்கள் இருப்பதில் நல்ல உடையைத் தோய்த்து உலர்த்தித்தான் அணிந்து வருவார்கள்.

கேள்வி: காப்பிக் காண்டாட்டாவின் முடிவில் வெல்வது யார், தந்தையா மகளா? கடைசியில் மூவரும் சேர்ந்து பாடுகிறார்களே, அதை மேடையில் எப்படிக் காட்டுவது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: பாடலாசிரியர் பிகாண்டர் அச்சிட்ட பாடத்தில் மகள் மாப்பிள்ளைக்காகக் காப்பியை விட்டுவிடுவதோடு கதை முடிந்துவிடுகிறது, தந்தைதான் வெல்கிறார். பாக் இசையமைத்த வடிவத்தில் அதற்குப் பின் இரண்டு பகுதிகள் கூடுதலாக இருக்கின்றன. தந்தை மாப்பிள்ளை தேடப் போயிருக்க, லீஸ்கென் ஊருக்குள் இரகசியமாக ஒரு செய்தியைப் பரப்புகிறாள் என்று கதை சொல்பவர் சொல்கிறார்: விரும்பும்போதெல்லாம் காப்பி போட்டுக்கொள்ள அனுமதிப்பதாக வாக்குக் கொடுத்து, அதைத் திருமண ஒப்பந்தத்திலும் எழுதித் தராத எவனும் வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம். இப்படி ஒரு முடிவைச் சேர்க்க வேண்டுமென்று பாக்குக்குத் தோன்றியதே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் அன்பு பெருகுகிறது.

அதன் பிறகு வரும் மூவர் பாட்டு, ‘பூனை எலி பிடிப்பதை விடாது, கன்னிப்பெண்கள் காப்பியை விடமாட்டார்கள், தாய்க்கும் காப்பி பிடிக்கும், பாட்டியும் குடித்தவள்தான், பிறகு மகள்களை யார் குறைசொல்வது’ என்பது. இதை மூன்று குரல்கள் சேர்ந்து பாடுகின்றன என்பதைக் கவனியுங்கள். அதாவது, இவ்வளவு நேரம் உறுமிக்கொண்டிருந்த தந்தையே தன் மனைவியும் தாயும் காப்பி குடித்ததைத் தன் வாயால் ஒப்புக்கொண்டு பாடுகிறார். இந்த இடத்தில் பல மேடைகளில் எல்லோரும் வரிசையாக முன்னால் வந்து பார்வையாளர்களைப் பார்த்துக் கைகளை விரித்துப் பாடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், மேசையருகே மூவரையும் உட்கார வையுங்கள். தாய் என்ற சொல் வரும்போது கதை சொல்பவர் ஒரு கிண்ணத்தைத் தந்தையின் முன் வைக்கட்டும். பாட்டி என்ற சொல்லில் லீஸ்கென் அதில் காப்பி ஊற்றட்டும். குரல்கள் ஓய்ந்து வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் இறுதிப் பகுதியில், யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, சீட்டி அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஷ்லெண்ட்ரியான் அந்தக் கிண்ணத்தைத் தூக்கட்டும். அவர் அதைத் திரும்பத் தட்டில் வைக்கும்போது, கம்பளி வட்டம் இருப்பதால், சத்தமே கேட்காது.